அடி தெரிகிற தொட்டி

அன்புள்ள அக்கா,

இன்று காலை மீன்தொட்டியில் தண்ணீர் மாற்றக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். ஒரு மிடறு உள்ளே போய்விட்டது. பாசியும் பழைய தீனியும் கலந்த அந்த வாடை, இரண்டு முறை பல் துலக்கியும் போகவில்லை. நீங்கள் எப்படித்தான் தினமும் இதைச் செய்தீர்களோ. பள்ளிக்குக் கிளம்பவேண்டிய நேரத்தில் ஈரக் கையோடு உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

விருத்தாசலத்துக்கு நாங்கள் குடிவந்தபோது பக்கத்து வீட்டில் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் வீட்டுக்கார அண்ணன் துபாயில், மகன் சென்னையில். துணைக்கு ஒரு தொட்டியும் தங்கமீன்களும். தொட்டியில் மணல் இல்லை, கல் இல்லை, வெறும் கண்ணாடி.

"வெறிச்சுனு இருக்குதே அக்கா, கொஞ்சம் மணலு போடலாமே" என்றேன்.

"மணலு போட்டா அழுக்கெல்லாம் அடியில போயி ஒளிஞ்சிக்கும் டீச்சர். மேல பாத்தா பளிச்சுனு இருக்கும், உள்ள அழுவிக்கினு கெடக்கும். எனக்கு அடி தெரியணும்."

ஒரு மழைக்காலத்தில் குழம்புக்கு உயிரோடு அயிரை வாங்கினீர்கள். உப்புப் போட்டு உரசக் கை வராமல், அள்ளித் தொட்டியில் விட்டுவிட்டீர்கள். "கொழம்பு மீன வளக்குறியா நீ!" என்று அண்ணன் வீடியோ காலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

அயிரை மணலில் புதைந்து வாழும் மீன். வெறும் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு மேலும் கீழும் அலைந்தன. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் கணவர் வேலை செய்யும் பீங்கான் பட்டறையிலிருந்து, சூளையில் வளைந்துபோன கோப்பை ஒன்றை வாங்கிவந்து உள்ளே கவிழ்த்து வைத்தேன். உடனே அதற்கடியில் போய் அடங்கின. மறுநாளே நீங்கள் கோப்பையை எடுத்துவிட்டீர்கள்.

"அதுங்க தவிக்குது அக்கா."

"உள்ள செத்துக் கெடந்தா எனக்கு எப்டித் தெரியும்? தவிச்சாலும் கண்ணு முன்னாடி தவிக்கட்டும்."

நாம் குரல் உயர்த்திப் பேசிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

அப்படிச் சொன்ன நீங்கள்தான் அக்கா, உங்கள் உடம்பில் நடந்ததை யார் கண்ணிலும் காட்டவில்லை. முகம் வீங்கியிருக்கிறதே என்றால், "தூக்கம் சரியில்ல, ஒண்ணுமில்ல. நேரமாவுது, போங்க" என்பீர்கள். பாண்டிச்சேரியில் தங்கை வீடு என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது எங்களுக்குத் தெரிந்தபோது, செய்ய எதுவும் மிச்சமில்லை. அண்ணன் விமானம் ஏறி வருவதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

"எங்கிட்டயும் நல்லா இருக்கேன்னுதான் சொன்னா டீச்சர். டெய்லி மீனத்தான் காட்டுனா, மூஞ்சியக் காட்டல" என்றார். வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனிடம் போகும்போது தொட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மணல் போடலாமா, உங்கள் விருப்பப்படி விடலாமா? அடுப்படியில் நின்றாலும் கண் தொட்டியிலேயே இருந்தது. அயிரைகள் கண்ணாடியோரம் ஏறி இறங்கின. நானும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஒன்று செத்து மிதந்த அன்று, இனிப் பொறுக்கமுடியாது என்று கணவரிடம் ஆற்றுமணல் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர் தெளியும்வரை அலசி, அழுக்கு தங்காதபடி மெல்லிசாகப் பரப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் மிச்ச அயிரைகள் மணலுக்குள் போய்விட்டன.

உள்ளே உயிரோடுதான் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்போல் இருந்தது. கையை முழங்கைவரை விட்டுத் துழாவினேன். ஒன்று துள்ளி வெளியே வந்து மறுபடி புதைந்தது. சாயங்காலமும் துழாவினேன், அடுத்த நாளும். "வுடு, அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் கணவர். இன்று காலைதான் துழாவாமல் குழாயை மணலுக்கு மேலாக நகர்த்தி அழுக்கை மட்டும் எடுத்தேன். மணல் ஒரு மூலையில் லேசாக அசைந்தது. அது போதும் என்று இருக்கப் பார்க்கிறேன்.

மீன்களை அப்படி விடலாம். மனிதர்களை விட முடியவில்லை அக்கா. நேற்றுப் பள்ளி விட்டதும், என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, நீங்க கெளம்புங்க."

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பஸ்ஸு போனாப் போவுது. சொல்லுங்க."