இரண்டாம் முறை அழுதது

8.1.2012

மரியாதைக்குரிய மங்கலம் அம்மாவுக்கு,

வணக்கம். என் பெயர் சுவேதா, பத்தாவது படிக்கிறேன். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. புயல் அடித்த ஐந்தாம் நாள் நீங்கள் கடலூரிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். விழுந்த மரத்தருகில் நின்ற என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். அம்மா பெயர் மலர்க்கொடி. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஃபோட்டோ எடுக்கும் அண்ணன் பின்னால் வந்த வண்டியில்தான் இறங்கினார். "மேடம், இன்னொரு தடவ" என்றார். நீங்கள் இன்னொரு தடவை அழுதீர்கள். பேப்பரில் வந்தது அதுதான்.

போகும்போது, எது வேண்டுமானாலும் எனக்கு எழுதுங்கள் என்றீர்கள். அப்பா சிரித்தார். "கவுன்சிலர் ஆயி மூணு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள அழுவக் கத்துக்கிட்டாங்க."

நீங்கள் அழுதது நிஜமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நாங்கள் குத்தகைக்கு எடுத்த தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. மாசி மாதம் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளை வேலைக்குக் கேரளா போகிறார்கள். அதற்கு முன்னால் எனக்கும் இளவரசு மாமாவுக்கும் கல்யாணம். அவர் அம்மாவின் தம்பி, கெட்டவர் இல்லை. அப்பாவும் கெட்டவர் இல்லை. "போற எடத்துல வயசுப் புள்ளய வச்சிக்கிட்டு நான் எப்பிடித் தூங்குறது" என்று அவர் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குப் பதினைந்து வயது. ஏப்ரலில் பரீட்சை எழுத வேண்டும்.

நீங்கள் அழுதது நிஜமானால் உதவி செய்யுங்கள். இல்லையென்றால் இதைக் கிழித்துவிடுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடம் இப்போதே நின்றுவிடும். பதிலை ஸ்ரீமதி டீச்சர் பெயருக்குப் பள்ளி விலாசத்தில் போடுங்கள். இன்னும் கரண்ட் வரவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

பயத்துடன்,
கொ. சுவேதா


கடலூர்
24.1.2012

திருமதி கொ. சுவேதா அவர்களுக்கு,

புயலில் தங்கள் அன்புக் கணவரை இழந்து வாடும் தங்களுக்கு என் ஆழ்ந்த இரங்கல். தங்கள் கண்ணீரில் என் கண்ணீரும் கலந்துள்ளது. தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.

இவண்,
மங்கலம்
மாவட்டக் கவுன்சிலர்


27.1.2012

மங்கலம் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குக் கணவர் இல்லை. இருக்கக் கூடாது என்றுதான் உங்களுக்கு எழுதினேன்.

படித்ததும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் கடிதம் எந்தத் துறைக்குப் போனது? அங்கிருந்து யாராவது விசாரிக்க வந்தால் முதலில் அப்பாவிடம்தானே கேட்பார்கள்? கடிதம் வந்ததிலிருந்து வாசலில் பைக் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க அப்பா வியாழக்கிழமை பண்ருட்டி போகிறார்.

அப்பா சொன்னது சரிதான் போலிருக்கிறது. இருந்தாலும் நன்றி. எங்கள் தெருவுக்கு வேறு யாரும் வரவில்லை.

சுவேதா


கடலூர்
6.2.2012

அன்புள்ள சுவேதா,

இதை என் கையால் எழுதுகிறேன். உன் முதல் கடிதம் எந்தத் துறைக்கும் போகவில்லை. இதனுடன் வைத்திருக்கிறேன், நீயே கிழித்துவிடு. என் உதவியாளர் சபாபதி, வந்த கடிதங்களுக்கெல்லாம் ஒரே நகலை அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். படித்துப் பார்க்காமல் ரப்பர் ஸ்டாம்பைக் கொடுத்து வைத்திருந்தது நான்.

நீ கேட்டதற்குப் பதில். அன்று உன் அம்மா என் கையைப் பிடித்தபோது அவர் உள்ளங்கை என்னைக் குத்தியது. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அந்தப் பால் பட்டு வெந்த தோல். என் அம்மாவின் கையும் அப்படித்தான் இருந்தது. என் தலையில் எண்ணெய் தேய்த்தால் முடி அதில் சிக்கும். முதல் முறை அழுதது அதற்காக. இரண்டாவது முறை அழுதது ஃபோட்டோவுக்காக. அதை இல்லையென்று உன்னிடம் சொல்ல முடியாது. நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய்.

வருகிற ஞாயிறு தார்ப்பாய் கொடுக்க உங்கள் தெருவுக்கு வருகிறேன். நீ எழுதியது வெளியே வராது. ஃபோட்டோக்காரரையும் கூட்டி வருவேன். தனியாக வந்து கேட்டால் உன் அப்பா தலையாட்டிவிட்டு மறுநாள் மாறலாம். நானும் வேலை ஜாஸ்தி என்று மறந்துவிடலாம். பேப்பரில் வந்துவிட்டால் இரண்டு பேரும் மாற முடியாது. அன்றைக்கு நான் அழுதால் அது நடிப்பு. நீ சிரித்துவிடாதே.

அன்புடன்,
மங்கலம்


சிதம்பரம்
5.6.2012

அன்புள்ள மங்கலம் அம்மாவுக்கு,

நானூற்று முப்பத்தெட்டு. நேற்று ரிசல்ட் வந்ததும் ஸ்ரீமதி டீச்சருக்கு அடுத்து உங்களுக்குத்தான் சொல்ல நினைத்தேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் கடிதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உங்களுக்கு நான் இதுவரை எழுதவே இல்லை. தெருவே கூடி நிற்க, அப்பாவின் தோளைத் தொட்டு, "அண்ணே, படிப்பு முடியிற வரைக்கும் இந்தப் பொண்ணு என் பொறுப்பு. சிதம்பரத்துல விடுதியில சேத்துடுறேன். பதினெட்டு முடியாம கல்யாணப் பேச்சு கெடையாது. பேப்பர்ல போட்டுக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். அப்பா ஃபோட்டோக்காரரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "போட்டுக்குங்க" என்றார். அப்புறம்தான் நீங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள்.

அடித்த பத்திரிகைக் கட்டு பரணில் இருக்கிறது. பிளஸ் ஒன் நோட்டுகளுக்கு அதில் அட்டை போடலாம் என்கிறார் அம்மா. இளவரசு மாமா எனக்குப் பேனா வாங்கி அனுப்பினார். அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோட்டோ வந்த பேப்பரை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறாராம். சூளையில் யாராவது, பெண் எங்கே என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறாராம்.

போன வாரம் பேசும்போது அம்மாவிடம், அந்தம்மா அழுதது நிஜம் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். "மொதத் தடவ அழுதப்ப அவுங்க என் கைய வுடவே இல்ல. ரெண்டாந்தடவ அந்தத் தம்பி போதும்னதும் வுட்டுட்டாங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார். அதில் கோபம் இல்லை. பிறகு, "போட்டும், அதுலதான நீ படிக்கிற" என்றார்.

மூன்றாவது தடவையைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அது நடிப்பு என்று முன்பே எழுதியிருந்தீர்கள். ஆனால் ஃபோட்டோக்கார அண்ணன் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்த பிறகும் அம்மாவின் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கார் தெருமுனையில் திரும்பும்போது புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் சொன்னபடி நான் சிரிக்கவில்லை.

நன்றியுடன்,
உங்கள் சுவேதா