எழுந்து நிற்பதற்குச் சம்பளம்

அன்பிற்குரிய எர்சிலியாவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் நலம். உன் முழங்கால் வலி தணிய நாள்தோறும் செபிக்கிறேன்.

இங்கே ஓஹையோவில் ஒரு வேடிக்கை. பேஸ்பால் ஆட்டம் முடியும் தறுவாயில் இறங்கி வெற்றியைக் காக்கும் நம் பானி ஊர் எலாடியோவை, முப்பத்தொன்பது வயதிலும் பெரும்பணம் கொடுத்து வைத்துக்கொள்வதா என்று அணியார் யோசிக்கிறார்கள். களமிறங்குமுன் அவன் வீசிப் பழகும் பந்துகளைப் பிடிப்பவன் நான். ஆதலால் என்னையும் கேட்டார்கள்.

செவ்வாயன்று அவனுக்குத் தோள்வலி. ஆயினும், "அண்ணே, சும்மா எழுந்து நிக்கிறேன், அவனுங்க பாத்து பயப்படட்டும்" என்று களத்தோரப் பெஞ்சிலிருந்து எழுந்து என்னிடம் பழகுபந்து வீசினான். முன்பு சுட்டெரித்த பந்து, என் உள்ளங்கையில் பஞ்சாக விழுந்தது. எதிரணி மட்டையாளரோ, இவன் வருமுன் முடித்துவிடும் பதற்றத்தில் கண்டபடி சுழற்றி ஆட்டமிழந்தார். வென்றோம்!

மேலாளர் ஹாலோரன் சிரித்தார்: "என்ன பெரியவரே, எழுந்து நிக்கிறதுக்கா கோடிக்கணக்குல கொட்டணும்?"

கடைசி நாழிகையில் வந்தவனுக்கும் முழுக்கூலி ஈந்த திராட்சைத் தோட்டக்காரரை நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர்கூட மறு ஆண்டுக்கு முன்பணம் கொடுத்ததாக வேதத்தில் இல்லையே! பிறகு, "என் கை அறிந்ததை எதிரணியினர் அறியும்வரை வைத்துக்கொள்ளுங்கள், ஓராண்டு தாங்கும்" என்றேன். இசைந்தார்கள்.

உள்ளங்கைக்கு நீ காய்ச்சும் தைலத்தை வழக்கம்போல் அனுப்பு. இப்போதெல்லாம் வலியில்லை, ஆனால் அந்த மணமின்றி உறக்கம் வருவதில்லை. அணியின் பேருந்து புறப்படுகிறது. கை வலிக்கவில்லை என்பதை மட்டும் ஊரில் எவரிடமும் சொல்லிவிடாதே. எலாடியோவின் ஓராண்டு அதில்தான் இருக்கிறது.

உன்
செல்சோ