மிஷ்காவை அனுப்பியது நீதான்

மயிலாப்பூர்,
பங்குனி மாதம், புதன்கிழமை.

சௌபாக்கியவதி மாளவிகாவுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். அப்பாவுக்கு சர்க்கரையும் பிரஷரும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன, மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளை ஷ்ரவணும் அந்தக் கேல்கரி குளிரில் கெட்டுப்போகாமல் இருப்பீர்கள், ஃப்ரிட்ஜுக்குள் வைத்த மாதிரிதானே. அப்பா ஏன் போனை எடுப்பதில்லை, மிஷ்காவை ஏன் வீடியோவில் காட்ட மாட்டேன் என்கிறாய் என்று நீ கேட்பதும், அவர் தூங்குகிறார் அது தூங்குகிறது என்று நான் சொல்வதுமாக எனக்கே அலுத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் நம் வீட்டில் இருப்பது ஒரே டேப், அதில் வருவதை எல்லாம் அப்பாதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலில் படிக்கிறார். போனில் சொன்னால் நீ நடுவில் அழ ஆரம்பிப்பாய், எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. ஆகையால் கையால் எழுதுகிறேன், கோயிலுக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஷ்கா இப்போது நம் வீட்டில் இல்லை. உயிரோடுதான் இருக்கிறது, குன்னூரில். அதை அனுப்பியது நான். ஆனால் அனுப்பியது நீ என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படி நினைக்க வைத்ததும் நான்தான்.

போனைத் தூக்காதே, முழுக்கப் படி. நீங்கள் இரண்டு பேரும் திருவான்மியூர் ஃப்ளாட்டில் இருந்தபோது முதல் கல்யாண நாளுக்கு என்று அந்த நாயை வாங்கி வந்தீர்கள். பனியில் வண்டி இழுக்கிற ஜாதியம்மா, நீலக் கண்ணு, போட்டோவில் எவ்வளவு அழகாக விழுகிறது பார் என்றாய். நாள் முழுக்க ஏசி ஓடியது. அப்புறம் கனடாவில் வேலை கிடைத்தது. பனி தேசத்து நாயை மயிலாப்பூரில் விட்டுவிட்டு மயிலாப்பூர்ப் பெண் நீ பனி தேசத்துக்குப் போனாய், இதில் இருக்கிற வேடிக்கை உனக்கு ஒரு நாளாவது தோன்றியதா என்று தெரியவில்லை. வீடு அமைந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாய். அப்புறம் வீட்டுக்காரன் நாய் கூடாது என்கிறான் என்றாய். அப்புறம் அத்தனை தூரம் விமானத்தில் அடைத்துக் கொண்டுபோவது பாவம் என்றாய். இங்கே கத்திரி வெயிலில் கிடப்பது பாவமாக இருக்கவில்லை போலிருக்கிறது. நாயைக் கூப்பிட்டுக்கொள்ளவில்லையே தவிர, அங்கிருந்து யோசனைகள் மட்டும் தவறாமல் வந்தன. தார் ரோட்டில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் நடத்திக்கொண்டு போக வேண்டும் என்றாய். அப்பா அப்படியே செய்தார். கச்சேரி ரோட்டில் குனிந்து ரோட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, இன்னா சார் மயக்கமா என்று சோடா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முடியை மழிக்காதே, அந்த முடிதான் வெயிலையும் தடுக்கும் என்றாய். மழைக்காலம் வந்ததும் தேங்கின தண்ணீரில் வாய் வைக்க விடாதே, விரலிடுக்கைத் துடை, காதுக்குள் உண்ணி இருக்கிறதா பார் என்றாய். தீபாவளிக்கு உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்து, யாராவது கூடவே உட்கார வேண்டும் என்றாய். எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு அறைக்குள் போன மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார், நமஸ்காரம் பண்ண வந்தவர்களுக்கெல்லாம் நான் ஒருத்தியே வாசலில் நின்று ஆசீர்வாதம் செய்தேன். மழைக்காலத்தில் என் முட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி உன்னிடமிருந்து வந்ததில்லை. வராததைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்கு நீலக் கண் இல்லையே.

போன அக்னி நட்சத்திரத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கும், இல்லாவிட்டால் உன் போனில் தேடிப்பார். மத்தியானம் கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டரில் ஏசி ஓடாது, மிஷ்கா நாக்கைத் தொங்கப் போட்டு ஒருக்களித்து விழுந்து கண்ணைச் செருகிவிட்டது. அப்பா அதன் வயிற்றிலும் காலிலும் ஈரத் துண்டைப் போட்டு அட்டையால் விசிறிக்கொண்டே அழுதார். அடையாறில் இருக்கிற டாக்டரம்மாவிடம் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம், அவள் சலைன் ஏற்றிப் பிழைக்க வைத்தாள். உனக்குச் செய்தி அனுப்பினோம், நீ பதிலுக்கு ஒரு அழுகிற பொம்மை அனுப்பினாய். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாமி, இதுக்கு இன்னொரு வெயில் தாங்காது, மலைப் பக்கம் யாராவது தெரிஞ்சவா இருந்தா குடுத்துடுங்கோ என்றாள். அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. கொழந்த நம்மள நம்பின்னா விட்டுட்டுப் போயிருக்கா, அவ வந்து எங்கேன்னு கேட்டா எந்த மூஞ்சியோட பதில் சொல்றது என்றார். அன்றிலிருந்து படுக்கையறை ஏசியை அணைக்கவே விடவில்லை. ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளாத மனிதர், மப்ளரைச் சுற்றிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேலை செய்கிற வேலம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, கத்திரி வெயில்ல சாரு மப்ளர் கட்டிக்கினு கீறாரு என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் தெற்கு மாட வீதியில் பூனையைப் பார்த்து மிஷ்கா இழுத்த இழுப்பில் அப்பா கீரைக் கூடையின் மேல் விழுந்தார். அப்புறம்தான் அடையாறில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கிற நாய்ப் பயிற்சி வகுப்பில் சேர்த்தோம், அதுவும் உன் யோசனைதான். சொல்லிக்கொடுக்கிற கதிரேசனுக்குத் தொப்பியும் விசிலும் உண்டு, பட்டாளத்துக்காரன் என்று நினைப்பு. முதல் நாளே, சார், நாய்க்கு இங்க ஒண்ணும் கிளாஸ் இல்ல, உங்களுக்குத்தான் கிளாஸு என்றான். வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும், ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். அப்பாவால் அது முடியுமா. உட்காரேண்டி கண்ணு, என் ராஜாத்தியோன்னோ, அப்பாவுக்காக ஒரு தடவ உட்காரு என்று கொஞ்சுவார். கெஞ்சாதீங்க சார், அது உங்கள மேய்க்குது என்று கதிரேசன் கத்துவான். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கால் கடுக்க நின்றபோதுகூட என்னைப் பார்த்து உட்காரு என்று சொன்ன வாய் இல்லை இது. பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், பொறாமைதான். வீட்டில் இவர் நாயிடம் பேசுகிற பேச்சில் கால்வாசி என்னிடம் பேசியிருந்தால் நான் நல்லவளாக இருந்திருப்பேனோ என்னவோ.

வகுப்பில் கடைசிப் பாடம் கைமாற்றுவது. நாளைக்கு நாம் ஊருக்குப் போனாலோ ஆஸ்பத்திரியில் படுத்தாலோ நாய் இன்னொருவரோடு அலறாமல் போக வேண்டும் அல்லவா, அதற்காக. நாய் யாரைத் தன் ஆள் என்று வைத்திருக்கிறதோ அவரேதான் வாரை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும், போ என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும், முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நாய் இழுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். இதைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. கதிரேசனுக்குத் தெரிந்தவர்கள் குன்னூரில் இருந்தார்கள், நூர் முஹம்மது என்று ஒருவர், அவர் மனைவி ரூஹி. இதே ஜாதி நாயை வளர்த்து அது வயசாகிச் செத்துப்போய், இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். நான் அவர்களோடு பேசினேன், நல்ல மாதிரிதான், நாய்க்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள், நீ அதைக்கூட எங்களிடம் கேட்டதில்லை. கதிரேசன்தான் தயங்கினான். சாருக்குத் தெரியாமயா மேடம், பாவம் மேடம் அவரு என்றான். சித்திரையில அது செத்துப்போனா நீங்க வந்து குழி தோண்டுவேளா என்று கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட், அன்றைக்கு நூர் முஹம்மதை வரச் சொல்கிறேன் என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தார், பரீட்சைக்குப் போகிற மாதிரி. எல்லா நாய்களும் கைமாறும்போது ஊரைக் கூட்டின. ஒரு லாப்ரடார் தரையோடு படுத்துக்கொண்டது. கடைசியில் அப்பாவின் முறை. நூர் முஹம்மதை, புது ஆளு சார், டெஸ்ட்டுக்காக வந்திருக்காரு என்று கதிரேசன் அறிமுகம் செய்தான். அப்பா வாரைக் கொடுத்தார், கெஞ்சவில்லை, கொஞ்சவில்லை, போ என்றார். மிஷ்கா ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நடந்தது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடி வரை ஒரு தடவைகூடத் திரும்பாமல் நடந்து வந்தார், எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் வந்து நின்று, பாத்தியா ஜலஜா, என் பேச்சக் கேட்டுது பாத்தியா என்றார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நீ பிறந்த அன்றைக்குப் பார்த்தேன், அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அவர் திரும்பியபோது மிஷ்காவை ஏற்றிக்கொண்ட நூர் முஹம்மதின் கார் கேட்டைத் தாண்டிவிட்டது.  வேறு வழியில் அந்த நாய் நம் வீட்டை விட்டுப் போயிருக்காது, போகாமல் இருந்தால் பிழைத்தும் இருக்காது.

எங்கே எங்கே என்று தேடினார், டெஸ்ட் முடிஞ்சாச்சே, கூட்டிண்டு வரச் சொல்லு என்று கதிரேசனிடம் போனார், அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை மாளவிகா, உன் பெயர்தான் வாயில் வந்தது. மாளவிகாதான் கதிரேசன்கிட்ட பேசி ஏற்பாடு பண்ணினாளாம், நேர்ல சொன்னா நீங்க விடமாட்டேள்னு இப்படிப் பண்ணச் சொன்னாளாம், எனக்கே இப்பத்தான் தெரியும் என்றேன். அங்கே இருந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாயை அனுப்பியதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. என் வாயாலயே போன்னு சொல்ல வெச்சுட்டாளே, அப்படி என்னடி பண்ணிட்டேன் நான் அவளுக்கு என்று வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து ஏசியை அணைத்தார். அன்றிலிருந்து உன் போன் வந்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். சாப்பிடும்போது மட்டும் என்னிடம் பேசுகிறார், உன்னைப் பற்றித்தான். அதுவும் பேச்சுத்தானே, நான் கேட்டுக்கொள்கிறேன்.

மிஷ்கா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம், மூன்றாம் நாள் நன்றாகச் சாப்பிட்டதாம். பனிமூட்டத்தில் தோட்டத்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிற படம் ஒன்று ரூஹி அனுப்பினாள், அப்பா கண்ணில் படுவதற்குள் டேப்பிலிருந்து அழித்துவிட்டேன். உனக்கு வேண்டுமானால் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள், கதிரேசன் நம்பர் தருவான். இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். அப்பா ஒரு நாள் மனசு தாங்காமல் உன்னைக் கூப்பிடுவார், நீயா என்று கேட்பார். ஆமாம்ப்பா, நான்தான் என்று சொல். காரணம் கேட்டால் வெயில் என்று சொல். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் கேட்டுக்கொள், அது உன் இஷ்டம். நான் செய்தேன் என்று தெரிந்தால் என்னை மன்னிக்க மாட்டார், ஒரே வீட்டில் அவரோடு நான்தான் இருந்தாக வேண்டும். உன்னை மன்னிப்பார், இன்று இல்லாவிட்டாலும் மன்னிப்பார், பெற்ற பெண்ணை விட்டுவிட முடியாது. அதுவரை அந்தக் கோபத்தை நீ வைத்துக்கொள். நாயை நாங்கள் வைத்துக்கொண்டோம் அல்லவா.

பங்குனி உற்சவத்தில் தெருவில் கால் வைக்க இடமில்லை. கிச்சா மாமா உன்னை விசாரித்தார். மாப்பிள்ளையை இருமலுக்கு டாக்டரிடம் காட்டச் சொல், கஷாயம் குடித்துப் பார்க்கிறேன் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். இரண்டு பேரும் தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், சீக்கிரம் ஒரு குழந்தையோடு இருக்கக் கபாலியும் கற்பகமும் காப்பாற்றட்டும். மறக்காமல் ஒன்று. ஆவணியில் வருகிறேன் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாயே, இந்த வருஷம் வராதே. நேரில் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தால் உன்னால் பொய் சொல்ல முடியாது. அங்கேயே இரு.

இப்படிக்கு,
உன் அம்மா ஜலஜா