நுரை வராத பாட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் சில மாதங்களாக, தண்ணீரைக் கெடுக்காத, நுரை குறைந்த பாத்திரம் கழுவும் திரவம் தயாரித்தோம். கம்பெனிக் கழிவுநீர் போகும் பின்பக்கக் கால்வாயில் தவளைகள்கூடக் கத்த ஆரம்பித்தன. கால்வாயை ஒட்டிய என் அறையில் எனக்கு அந்தச் சத்தம்தான் பேச்சுத்துணை.

கடைக்காரர்கள் பாட்டில்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நுரை வரலன்னா அழுக்கு போகலன்னு வாங்குறவங்க நெனைக்கிறாங்க, நான் என்ன பண்ண?" என்று மேலாளர் கையை விரித்தார். போன வாரம் பழைய நுரை மருந்தை நானே கலக்கினேன். யாரைக் குறை சொல்வது? நான் அனுப்பிய பாட்டிலைப் பார்த்து நீங்களே, "நுரையே இல்லையேடா, ஏமாத்திட்டாங்களா?" என்றுதானே கேட்டீர்கள்!

கை வெடிப்புக்குக் களிம்பு அனுப்புங்கள். ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள். தவளைச் சத்தம் நின்றுவிட்டது அம்மா. போனில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள்.

உங்கள் மகன்