வாங்க என்று கேட்காதது

ஞாயிறு, இரவு

சித்தப்பா மகள் மீனாவின் கல்யாணம் முடிந்தது. கால் வலியால் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அது பொய்.

மாப்பிள்ளைக்கு அண்ணன் முறை சேது. கல்லூரியில் என்னிடம் குனிந்து குனிந்துதான் பேசுவான். அதற்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். இன்றாவது குனியாமல் பேசட்டும் என்றுதான் ஹை ஹீல்ஸ் வாங்கினேன். சேலையையும் அந்த உயரத்துக்கே கட்டினேன்.

கண்டரமாணிக்கத்தில், புல்வெளியில் பந்தல். பச்சையாகத் தெரியட்டும் என்று காலையிலேயே தண்ணீர் விட்டிருக்கிறார்கள், பாவிகள். பெண் வீட்டார் நாங்கள்தான் எதிரே போய் "வாங்க" என்று கேட்டு வரவேற்க வேண்டும். சேது காரிலிருந்து இறங்கினான். ஓரடி வைத்தேன். செருப்பின் இரண்டு குதியும் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. கழற்றினால் சேலை தரையில் புரளும், குள்ளமும் தெரியும். அசையாமல் நின்றேன்; கவனமெல்லாம் காலில் இருந்ததில் "வாங்க" என்று கேட்கவே மறந்துபோனது. அவன் பார்த்தான். கொஞ்சம் நின்றான். பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டான்.

சாயங்காலம் மதினி சொன்னார்: "அந்தத் தம்பி போகையில எங்கிட்டக் கேட்டாக, 'வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே, எம்மேல ஏதும் கோவமா இருக்காகளா'ன்னு."

கோபமா? எனக்கா?

இப்போது கதவைச் சாத்திவிட்டு, வெறுங்காலோடு நின்று, "வாங்க" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். தலை தானாக அண்ணாந்துகொண்டது.