பானெட்டின் வலது முனை

ஜனவரி 8

லின்னியாவின் இருக்கையை இன்று முன்பக்கம் பார்க்கத் திருப்பினோம். இரண்டரை வயது ஆகிவிட்டது. இதுவரை காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடியே போய்வந்த பிள்ளை. இனிமேல் நான் பார்ப்பதை அவளும் பார்ப்பாள். ரீட் பெல்ட்டை இழுத்து இழுத்துச் சரிபார்த்தான். அவன் உள்ளே போனதும் நானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டான். "கல்யாணம் பண்ணிக்கிட்டா மட்டும் போதாது, பெல்ட் மாட்டவும் நம்பணும்" என்றான்.

ஜனவரி 10

குழந்தைக் காப்பகத்து வாசலில் லின்னியாவை இறக்கும்போது பார்த்தேன். பானெட்டின் வலது முனையில் ஒரு கையின் தடம். பனி உருகச் சாலைக்குப் போடும் உப்பு காய்ந்து கார் முழுக்க வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதில் ஐந்து விரலும் தெளிவாக. வெறுங்கை. டுலூத் மாதிரிக் குளிர் ஊரில், ஜனவரியில், உறைகுளிரில் ஏரியே ஆவியாகப் புகைந்துகொண்டிருக்கும் காலையில், கையுறை இல்லாமல் யார்?

"உனக்கு ரசிகன் எவனோ கிளம்பிட்டான்" என்றான் ரீட்.

ஜனவரி 13

ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவினோம். இன்று காலை மறுபடியும் அதே இடத்தில், அதே கை.

வீட்டிலிருந்து கிளம்பும்போது இல்லை. கிளம்புமுன் சுற்றிவந்து பார்த்தேன். காப்பகத்தில் இருக்கிறது. நடுவில் நான் நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். மலைச்சரிவு இறங்கி முடியும் பதினான்காம் தெரு முனை, அங்கே ஒரு சிவப்பு விளக்கு. அங்கிருந்து வலப்பக்கம்.

நிற்கிறேனா?

ஜனவரி 14

இந்த நாட்டில் வண்டி போவது சாலையின் வலப்பக்கம், அதனால் சிவப்பிலும் வலப்பக்கம் திரும்பலாம். பதினாறு வயதில் உரிமத் தேர்வுக்கு உருப்போட்டது இன்னும் மறக்கவில்லை. கோட்டுக்கு முன்பே முழுதாக நிறுத்து, நடந்து போகிறவருக்கு வழிவிடு, குறுக்கே வரும் வண்டிக்கு வழிவிடு, அப்புறம் திரும்பு. இது ஒரு சலுகை, கட்டாயமில்லை என்றும் படித்தேன். ஆனால் பின்னால் நிற்கிறவர் அதைப் படித்திருக்க வேண்டுமே. இந்த ஊரில் ஹாரன் அடிப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். அந்த முனையில் மட்டும் அடிப்பார்கள்.

இன்றும் அடித்தார்கள். இடப்பக்கத்திலிருந்து வந்த லாரி கடக்கட்டும் என்று பார்த்திருந்து திரும்பினேன். லேசாக ஒரு 'தப்'. கார் கூரையிலிருந்து பனிக்கட்டி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து லின்னியா சொன்னாள்: "அந்த அம்மா தட்டுனாங்க."

"எந்த அம்மா?"

"பாப்பாவ இழுத்துட்டு வந்தாங்களே, அந்த அம்மா."

வண்டியை அடுத்த தெருவில் சுற்றிக்கொண்டு அதே முனைக்கு வந்தேன். யாருமில்லை. பனி மேட்டின் பின்னால் யாராவது விழுந்து கிடப்பார்களோ என்று இறங்கிக்கூடப் பார்த்தேன். மறுபடி சுற்றினேன். காப்பகத்துக்கும் தாமதம், வேலைக்கும் தாமதம்.

தடம் இருந்தது.

ஜனவரி 15

நான் யாரையாவது இடித்துவிட்டேனா? இடித்தால் தெரியாமலா இருக்கும்? – தெரியாமல் இருக்குமோ?

ஜனவரி 17

அந்த முனையில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் அயோனிடம் போய்க் கேட்டேன். ஏலக்காய் ரொட்டி வாங்குவதுபோலப் போய், சுற்றி வளைத்து, இந்த வாரம் இங்கே விபத்து ஏதாவது நடந்ததா என்று. விபத்தெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். நான் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். ரொட்டியைப் பையில் போட்டவள் கையை எடுக்கவில்லை.

"அந்தச் சாம்பல் நிறக் கார் உன்னதுதானே? முன்சக்கர மூடி ஒண்ணு காணாமப் போயிருக்குமே?"

"ஆமா."

"நீ நிக்கறதில்லம்மா. உன்னை மட்டும் சொல்லல, ஒருத்தரும் நிக்கறதில்ல. சக்கரம் உருண்டுக்கிட்டே இருக்கும், அதையே நின்னதா நெனச்சுக்குவீங்க. கடை ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கா, எனக்கு ஒரு முகமும் தெரியாது. எல்லாரோட பிடரியும்தான் தெரியும். போறது வலப்பக்கம், கண்ணெல்லாம் இடப்பக்கம்."

கோபித்துக்கொண்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு ரொட்டியைச் சும்மா போட்டுத் தந்தாள்.

இடப்பக்கத்திலிருந்துதானே வண்டி வரும். அதைத்தானே பார்க்க வேண்டும்? வலப்பக்கத்திலிருந்து என்ன வரப் போகிறது – நடந்து வரும் ஆளைத் தவிர. நமக்குச் சிவப்பு என்றால் அவர்களுக்கு 'நட' என்னும் வெள்ளை விளக்கு. நமக்கு முன்னால் கடக்கும்படி அவர்களுக்குச் சொல்லியாயிற்று.

அந்த முனையில் வலப்பக்கம் கடையைத் தவிர என்ன இருக்கிறது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். கம்பமா, குப்பைத் தொட்டியா? தினமும் போகிற இடம். எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 21

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

மாலையில் கார் கொட்டகையில் குனிந்து அந்தத் தடத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இடது கை. மோதிர விரலின் அடியில் மெல்லிய கோடாக ஒரு இடைவெளி, மோதிரம் இருந்தால் விழுவதுபோல. சுண்டுவிரல் கொஞ்சம் வெளிப்புறம் வளைந்திருக்கிறது.

என் சுண்டுவிரல் வளைந்தது. கல்லூரியில் பந்து பட்டு உடைந்தது.

கையுறையைக் கழற்றி என் கையை அதன்மேல் வைத்தேன். வைத்த கையைச் சுற்றிக் கொஞ்சங்கூட மிச்சமில்லை.

ரீட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. நான் திரும்பியபோது அவன் முகத்தில் வழக்கமான கேலி இல்லை. பனிக்காலம் வந்தால் உனக்குத் தூக்கம் போய்விடுகிறது, லின்னியா பிறந்த வருடமும் இப்படித்தான் ஆயிற்று, டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசேன் என்றான். அப்புறம் வீட்டுக்குள் வந்து, சாவியை மேசையிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே:

"கொஞ்ச நாளைக்கு நானே அவளைக் கொண்டுபோய் விடறேன். உன்னை நம்பாம இல்ல, பிரிட்டா. பின்னாடி குழந்தை இருக்கு."

என்னத்தச் சொல்ல? பின்னாடி குழந்தை இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அதத்தவிர வேற நெனப்பே கிடையாதே எனக்கு.

ஒருவேளை அந்தத் தடத்தை நானேதான் வைத்துக்கொண்டிருக்கிறேனோ, எனக்கே தெரியாமல்? அப்படியானால் என்னிடம் குழந்தையை எப்படிக் கொடுப்பது. சாவியை அவன் எடுத்ததே சரி.

ஜனவரி 23

ரீட் ஓட்டுகிறான். தடம் இல்லை. அதைச் சொல்லும்போது அவனுக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்.

குளிக்க வைக்கும்போது லின்னியாவிடம் கேட்டேன், அந்த அம்மா இன்னும் வருகிறார்களா என்று. வாத்தை முக்கி முக்கி எடுத்தபடியே சொன்னாள்: "அப்பா கூடப் போனா வரமாட்டாங்க. உன்கூடப் போனாத்தான்."

ஜனவரி 28

ஒழுங்காக, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நேற்று மாலையே காரின் பேட்டரி செத்துவிட்டது. பட்டறைக்காரர் வந்து இழுத்துப் போனார். இன்று காலை ரீட் நண்பன் வண்டியில் வேலைக்குப் போய்விட்டான். இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. லின்னியாவைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். சரிவு இறங்கும் வழியெல்லாம் அவள் பாடிக்கொண்டு வந்தாள்.

பதினான்காம் தெரு முனையில் அவளுடைய தொப்பி நாடா அவிழ்ந்துவிட்டது. முடிச்சுப் போட இடது கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தேன். முடிந்து நிமிர்ந்தபோது கடப்பதற்கான வெள்ளை விளக்கு எரிந்தது. வலது கையில் கயிறு. நடைபாதை ஓரத்திலிருந்து இறங்கினேன்.

சாம்பல் நிறக் கார். கோட்டில் நிற்கவில்லை. வேகமுமில்லை, உருண்டு வந்தது. ஓட்டுகிறவளின் பிடரிதான் தெரிந்தது, இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சறுக்குவண்டி முழங்கால் உயரங்கூடக் கிடையாது. அவள் திரும்பியே பார்த்தாலும் பானெட்டுக்குக் கீழே மறைந்திருக்கும். காலால் சறுக்குவண்டியைப் பின்னுக்கு உதைத்துத் தள்ளிவிட்டு, இடது கையால் பானெட்டில் ஓங்கி அறைந்தேன்.

அவள் திரும்பவில்லை. அவள் தலையில் நீலத் தொப்பி, உச்சியில் வெள்ளைக் குஞ்சம், ஓரத்தில் ஒரு பின்னல் தப்பி வளைந்திருந்தது. ரீட்டின் அம்மா எனக்காகப் பின்னியது. அதே தொப்பி அப்போது என் தலையிலும் இருந்தது.

பின் இருக்கையில் முன்பக்கம் பார்த்தபடி ஒரு குழந்தை. என்னை நேராகப் பார்த்தது. கையசைத்தது.

"லின்னி!" என்றாள் என் பின்னால் பனியில் உட்கார்ந்திருந்த என் பெண், தன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டு. அவளும் கையசைத்தாள்.

கார் வலப்பக்கம் திரும்பிப் போயிற்று. முன்சக்கரத்தில் மூடி இல்லை.

எப்படிக் காப்பகம் போனேன் என்று தெரியவில்லை. என் உள்ளங்கை முழுக்க உப்பு.

மாலையில் ரீட் பட்டறையிலிருந்து காரை ஓட்டி வந்தான். உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "நாள் பூரா கார் பட்டறைக்குள்ளேயேதான் நின்னுச்சாம். ரெண்டு தடவை கேட்டுட்டேன்" என்றான். நான் ஒன்றும் கேட்காமலேயே சொன்னான். என்னைக் கார் கொட்டகைக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டான்.

புதிய தடம். உப்பு இன்னும் ஈரமாக இருந்தது.

காலையில் நடந்ததைச் சொன்னேன். அவன் என் இடது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். சிவந்திருந்தது. கேலி பேசமாட்டானா என்று இருந்தது எனக்கு.

ஜனவரி 29

அவள் திரும்பிப் பார்த்திருந்தால் என் முகம் தெரிந்திருக்கும். ஒவ்வொரு காலையும் நான் திரும்பிப் பார்த்திருந்தால்?

பிப்ரவரி 6

சாவியை நானே கேட்டேன். தந்தான். தானும் வருகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

பதினான்காம் தெரு. சிவப்பு. கோட்டுக்கு இப்பால் நிறுத்தினேன். கார் முன்னே ஆடிப் பின்னே அமரும்வரை, சக்கரம் நின்றது இடுப்பில் தெரியும்வரை. இடப்பக்கம் பார்த்தேன். அப்புறம் வலப்பக்கம். வலப்பக்கத்தில் இருப்பது மஞ்சள் நிறத்தில் ஒரு செய்தித்தாள் பெட்டி. பொத்தான் வைத்த கம்பம். ஆள் யாருமில்லை. வெள்ளை விளக்கு எரிந்தது.

திரும்பலாம். சட்டப்படி ஒரு தடையும் கிடையாது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நீளமாக இன்னொருமுறை அடித்தார்கள். ரீட்டின் கை கதவுப் பிடியை இறுக்கியிருந்தது, ஆனால் போ என்று சொல்லவில்லை.

கண்ணாடியில் லின்னியாவைப் பார்த்தேன். அவள் கையசைத்தாள். அவள் கண்கள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, நடக்கிற வேகத்தில், காருக்கு முன்னால் போயின. முதலில் ஆள் உயரத்தில். அப்புறம் இன்னும் தாழ்வாக, ஏதோ இழுபட்டுப் போவதைப் பார்ப்பதுபோல.

ரீட் மெல்லக் கேட்டான். அவளிடம்தான் கேட்டான்.

"கடந்துட்டாங்களா, கண்ணு?"

"ம். போயிட்டாங்க."

பச்சை விழுந்தது. திரும்பினேன்.

காப்பகத்து வாசலில் இறங்கிப் பானெட்டைப் பார்த்தேன். உப்பு மட்டும்தான். ஓரம் முதல் ஓரம்வரை, யாரும் தொடாத உப்பு.