ஜீதம் என்ற சொல்

12.3.1984, திங்கள்

மத்தியானம் மாங்காய் ஊறுகாய் போட்டேன். சாயங்காலம் கெம்பம்மா வந்தாள். பேரிகைப் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். நாளை குவாரிக்குக் கொத்தடிமை விசாரணைக்கு அதிகாரி வருகிறாராம். துணைக்கு நிற்கச் சொன்னாள். புருஷன் வாங்கிய கடன். அவன் செத்தும் அதைத் தீர்க்க இவள் கூலியில்லாமல் உழைக்கிறாள்.

"எங்கம்மா செத்தப்ப ராயக்கோட்டைக்குப் போவணும்னேன். மகள இங்க வுட்டுட்டுப் போ, நீ திரும்பி வந்தாத்தான் அதுக்குச் சோறுன்னாங்க டீச்சரம்மா. மொகத்தப் பாத்துட்டு ஓடியாந்துட்டேன்."

அவள் அழவில்லை. பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் விடுதலை என்று பாடம் நடத்தினேனே, அது பேரிகை வரைக்கும் வரவில்லையா? வராவிட்டால் இழுத்துக்கொண்டு வருகிறேன்.

13.3.84

பாவிகள்! ஒரே சொல்லில் கவிழ்த்துவிட்டார்கள்.

"ஜீதத்துக்கு இருக்கேன் சாமி" என்றாள் கெம்பம்மா, அதிகாரியிடம். அவள் பேசும் கன்னடத்தில் ஜீதம் என்றால் அடிமை வேலை. அதிகாரி வீட்டில் தெலுங்கு. அதில் ஜீதம் என்றால் சம்பளம்.

"ஜீதம் வாங்கறியா? அப்பறம் என்னம்மா புகாரு?" என்று சிரித்தார்.

மேஸ்திரி திம்மப்பனுக்கு இரண்டு பாஷையும் தெரியும். "ஆமாங்க சார், ஒழுங்கா ஜீதம் குடுக்கறோம்" என்றான், வாய் கூசாமல்.

சொல்லை விளக்க நான் எழுந்தேன். "டீச்சர், இது கிளாஸ் ரூம் இல்ல" என்றார் அதிகாரி. ஜீப் போய்விட்டது.

14.3.84

கிளாஸ் ரூம் இல்லையாம். ஆக்கிக் காட்டுகிறேன்.

16.3.84, வெள்ளி

கெம்பம்மாவோடு ஓசூருக்குப் போய் அதிகாரி முன்னால் நின்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"இவ மகள் எங்கன்னு கேளுங்க சார்."

"குவாரில புடிச்சி வெச்சிக்கிட்டாங்க சாமி, நான் திரும்பி வரணும்னு."

"சார், நீங்களும் ஜீதம் வாங்கறீங்க. ஒருநாள் லீவு போட்டா உங்க மகள ஆபீஸ்ல புடிச்சி வெப்பாங்களா?"

அவர் முகம் மாறியது. சொல்லை விளக்கினேன், மெதுவாக, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. பேனாவை மூடி வைத்தார். டிரைவரைக் கூப்பிட்டார். நாங்களும் அதே ஜீப்பில் குவாரிக்குப் போனோம். கெம்பம்மாவையும் மகளையும் அங்கேயே விடுவித்தார்.

திம்மப்பனுக்கு இன்று எந்தப் பாஷையும் வரவில்லை.

22.4.84

கெம்பம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். இப்போது ராயக்கோட்டையில் தக்காளி பறிக்கிறாள். தோட்டக்காரர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாராம். கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாளாம்.

எனக்குக் குவாரி ஞாபகம் வந்தது. "தேடிக்கிட்டு வந்தாங்களா?"

"வந்தாங்களே! தப்பா நெனச்சிக்காத, நாளைக்கி வேலைக்கி வா தாயின்னு கெஞ்ச. யோசிச்சிச் சொல்றேன்னுட்டேன் டீச்சரம்மா."